பதில்: தொடர் படிவத்தில் எல்லா வரிகளும் சிவப்பாகின்றன

வணக்கம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தள மென்பொருளின் தொடர் படிவத்தில் (பல பதிவுகளை வரிவரியாகக் காட்டும் படிவம்) கெடு தாண்டிய பதிவை மட்டும் சிவப்பாக்க, படிவத்தின் ஆன் கரன்ட் நிகழ்வில் (ஒரு பதிவுக்கு நகரும்போது நடக்கும் நிகழ்வு) நிரல் எழுதியதாகவும், கர்சரை நகர்த்தும்போதெல்லாம் எல்லா வரிகளும் சேர்ந்தே நிறம் மாறுவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் பிழை இல்லை. அக்சஸின் தொடர் படிவத்தில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்தான்; அதையே ஒவ்வொரு பதிவுக்கும் மீண்டும் மீண்டும் வரைந்து காட்டுகிறது என்பதால், அதன் பின்னணி நிறத்தை நிரல் வழியே மாற்றினால் எல்லா வரிகளிலும் அது தெரியும்.

இதற்கு உரிய வழி கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதாவது நிபந்தனை பொருந்தும் வரிக்கு மட்டும் நிறம் தரும் வசதி. அந்த நிகழ்வு நிரலை நீக்கிவிட்டு, டிசைன் வியூவில் (படிவத்தை வடிவமைக்கும் திரை) பதிவின் புலங்கள் இருக்கும் டீட்டெயில் பகுதியை முழுவதும் நிரப்பும் அளவுக்கு, எந்தப் புலத்தோடும் இணைக்காத டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்றை வரைந்து, சென்ட் டு பேக் கொடுத்துப் பின்னால் தள்ளுங்கள். அதன் எனேபிள்டு பண்பு 'நோ' என்றும் லாக்டு பண்பு 'யெஸ்' என்றும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சொடுக்கியவுடன் அது முன்னால் வந்து மற்றவற்றை மறைத்துவிடும். பின்னணிப் பெட்டியின் நிறம் தெரியும்படி, மற்ற டெக்ஸ்ட் பாக்ஸ்களின் பேக் ஸ்டைலை டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள். பின்னர் பின்னணிப் பெட்டிக்கு 'எக்ஸ்பிரஷன் இஸ்' வகை விதி ஒன்றை அமைத்து, கெடு நாள் இன்றைய தேதியை விடக் குறைவு, திரும்பிய நாள் வெறுமை (அதாவது இன்னும் திரும்பவில்லை) என்ற இரண்டு நிபந்தனைகளையும் 'ஆண்ட்' கொண்டு இணையுங்கள். வெறுமையைச் சமக்குறியால் சோதிக்காமல் இஸ்நல் (IsNull) என்ற சார்பு கொண்டே சோதியுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அக்சஸ் 2007 வரையிலான பதிப்புகளில், டெக்ஸ்ட் பாக்ஸ் போன்ற ஒரு கன்ட்ரோலுக்கு இத்தகைய 3 நிபந்தனைகளே உண்டு. 2010 முதல் 50 வரை வைக்கலாம்.