வருமானம் கூடியும் டெக் பங்கு ஏன் ஒரே நாளில் சரிகிறது?
காலாண்டு முடிவு நன்றாகத்தானே இருந்தது, அப்புறம் ஏன் பங்கு விழுந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பங்கு விலையில் பெரும்பகுதி வரப்போகும் வருடங்களின் லாபத்தை எதிர்பார்த்துக் கொடுப்பது. 2022 பிப்ரவரி 3 அன்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு சுமார் 26 சதவீதம் விழுந்தது. இத்தனைக்கும், அறிவித்த காலாண்டில் வருமானம் 20 சதவீதம் கூடியிருந்தது! ஆனால் அடுத்த காலாண்டுக்கு நிறுவனமே சொன்ன கணிப்பு சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஃபேஸ்புக்கின் தினசரிப் பயனர் எண்ணிக்கையும் லேசாக இறங்கியிருந்தது. ஐபோனில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை மாற்றத்தால் (பயனரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவது கடினமானது) அந்த வருடம் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகலாம் என்றும் மெட்டாவே சொன்னது.

எனவே தலைப்புச் செய்தியை விடுங்கள். அறிக்கையில் வருங்காலக் கணிப்புப் பகுதியைத் தேடிப் படியுங்கள். அங்கே ஒன்றும் மாறவில்லை, அதே துறைப் பங்குகள் எல்லாமே விழுந்திருக்கின்றன என்றால், காரணம் பெரும்பாலும் வெளியில்தான். வட்டி விகித உயர்வு மாதிரி.