பாயின்ட்டை விடுங்கள், பையன் திரும்பிப் பார்க்கிறானா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. செப்டம்பருக்குள் 19 ஆகிவிடும். கனடாவின் ஒன்டாரியோ ஹாக்கி லீகில் (ஓஎச்எல், ஜூனியர் வயதினருக்கான ஐஸ் ஹாக்கி) டிஃபென்ஸ் ஆடுகிறான். போன வருட டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்எச்எல்-இன் ஓர் அணி அவனை மூன்றாம் சுற்றில் எடுத்தது. இந்தப் பருவத்தில் 66 ஆட்டங்களில் 51 பாயின்ட் (அவன் அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து). இப்போது அந்த அணி மூன்று வருட ஒப்பந்தம் தருகிறேன் என்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோச்சும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் அம்மா படிக்கட்டும் என்கிறாள், பையன் கையெழுத்துப் போடத் துடிக்கிறான். உயரம் ஆறடி, எடை 78 கிலோ. ஜனவரிக்கு அப்புறம் கொஞ்சம் சோர்ந்துபோனான், மற்றபடி நல்ல ஆட்டம். அவன் தொழில்முறைக்குத் தயாரா?

பதில்: உங்கள் கடிதத்தில் 51 பாயின்ட் முதலில் வருகிறது, சோர்வு கடைசியில் வருகிறது. இந்த மாதிரிக் கடிதங்களை நான் கீழிருந்து மேலே படிப்பவன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த வருடம் அவன் தயாராக இல்லை. திறமையைப் பற்றிய பேச்சே இல்லை. 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தமே 220 பேர் சொச்சம்தான் ஒரு டிராஃப்டில் எடுக்கப்படுகிறார்கள். அதில் மூன்றாம் சுற்றில் பெயர் வருவது சும்மா நடப்பதில்லை.

அந்த 51-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது, அதாவது பவர் பிளேயில், வந்தவை எத்தனை? ஜூனியரில் நன்றாக ஆடும் டிஃபென்ஸ்காரனுக்குப் பாதி பாயின்ட் அங்கிருந்தே வந்துவிடலாம். மேலே போனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பெரிய சம்பளமும் இருக்கும். மூன்றாம் சுற்றில் வந்த பையனுக்கு முதலில் கிடைப்பது இருவர் இருவராக இறங்கும் டிஃபென்ஸ்காரர்களில் கடைசியான மூன்றாம் ஜோடியில் ஓர் இடமும், தன் அணியில் ஆள் குறையும்போது தடுத்து நிற்கும் வேலையும்தான். ஆக, பவர் பிளே பாயின்ட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துப் பேசுவோம். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்ப்பது வேறு.

கடைசிப் பத்து ஆட்டங்களின் வீடியோவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆடும் ரப்பர் வட்டான பக்கைப் பார்க்காதீர்கள், மகனின் தலையை மட்டும் பாருங்கள். எதிரணி பக்கை உங்கள் பக்க மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. அவன் திரும்பி, முதுகைக் காட்டியபடி அதை எடுக்கப் போகிறான். தொடுவதற்கு முன் எத்தனை தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான்? ஒரு தடவைகூடப் பார்க்காதவன் ஜூனியரில் காலின் வேகத்தால் தப்பித்துவிடுவான். ஒரு தடவை பார்ப்பவனுக்குத் துரத்துகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று தெரியும். இரண்டு தடவை பார்ப்பவனுக்குத் தன் ஆள் எங்கே காலியாக நிற்கிறான் என்பதும் தெரிந்துவிடும். பக் ஸ்டிக்கில் பட்டதும் அடுத்த இடத்துக்குப் போய்விடும், இடிக்க வருகிறவன் களத்தைச் சுற்றியிருக்கும் வெறும் போர்டில் மோதுவான். வெளியிலிருந்து பார்த்தால் அவன் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். கைதட்டலும் கிடைக்காது. ஆனால் அணிக்காரர்கள் மேல் வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வது இதைத்தான்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டு எண்ணுங்கள்: பூஜ்யம், ஒன்று, இரண்டு. ஆட்டத்தின் முதல் பீரியடையும் கடைசியான மூன்றாம் பீரியடையும் தனித்தனியாக எழுதுங்கள். களைத்தவன் முதலில் கைவிடுவது இந்தத் திரும்பிப் பார்ப்பதைத்தான், கால் அப்புறம்தான் தளரும். மூன்றாம் பீரியடில் எண்ணிக்கை சரிந்தால், ஜனவரிச் சோர்வு எங்கே போய் முடிகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

இன்னொன்று, எதிரே வேகமாக வருகிறவனுக்கும் இவனுக்கும் நடுவே விடும் இடைவெளி. தன் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில் அதைச் சுருக்கி நிற்கிறானா, இல்லை கோல்கீப்பரின் மடி வரை பின்வாங்கிக்கொண்டே போகிறானா? பின்வாங்கும் பையன்கள் பெரும்பாலும் தங்கள் திரும்பும் வேகத்தை நம்பாதவர்கள். அது பயிற்சியில் சரியாகும், ஆனால் நாள் பிடிக்கும்.

உடம்புக்கு வருவோம். ஆறடிக்கு 78 கிலோ மோசமில்லை. ஆனால் மூலையில் அவனைப் போர்டில் அழுத்தப்போகிறவன் 28 வயது ஆள். அதே இடத்தில் பத்து வருடமாக அதே வேலையைச் செய்கிறவன். எடையை விட இடுப்பும் தொடையும் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. இதில் கால அட்டவணைக்கு ஒரு பங்கு இருக்கிறது, பெற்றோர் பலர் அதை யோசிப்பதில்லை. ஓஎச்எல்-இல் பருவத்துக்கு 68 ஆட்டம். என்எச்எல்-க்கு அடுத்த படியான ஏஎச்எல்-இல் 72. அங்கே வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் தொடர்ந்து ஆடும் வாரங்கள் உண்டு, நடுவில் பஸ் பயணம் வேறு. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் வழக்கமான பருவம் 34 ஆட்டத்தைச் சுற்றித்தான், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். மிச்ச நாட்களில் ஜிம், பயிற்சி, தூக்கம். ஜனவரியில் எரிபொருள் தீர்ந்துபோகிற பையனுக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

ஜூனியரில் அவனை ஒரு குடும்பம் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுகிறது. தொழில்முறையில் யாரும் போட மாட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ரிங்க்கிலிருந்து வந்து என்ன சாப்பிடுவான் என்று கேளுங்கள். "ஏதாவது வாங்கிக்கிறேன்" என்று பதில் வந்தால் ஒரு கோடையை அடுப்பங்கரைக்கு ஒதுக்குங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நல்ல கால் இருந்தும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் சறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒப்பந்தம். கையெழுத்துப் போடுவதும் களத்தில் இறங்குவதும் ஒன்று என்று பையன் நினைக்கிறான் போலிருக்கிறது. இரண்டும் வேறு வேறு. 2025 டிராஃப்டில் வந்தவர்களுக்கு இந்த முதல் ஒப்பந்தத்தில் வருடச் சம்பளத்தின் உச்சவரம்பு 9,75,000 அமெரிக்க டாலர். அந்தத் தொகை என்எச்எல்-இல் இருக்கும் நாட்களுக்குத்தான். ஜூனியருக்கே திருப்பி அனுப்பினால் கையில் நிற்பது கையெழுத்துப் போனஸ் மட்டும். 18, 19 வயதில் கையெழுத்திட்டவன் அந்தப் பருவத்தில் பத்து என்எச்எல் ஆட்டம் ஆடாவிட்டால், பொதுவாக ஒப்பந்தம் அப்படியே ஒரு வருடம் தள்ளிப்போகும், மூன்று வருடக் கணக்கு தொடங்காது. ஒன்பது ஆட்டம் ஆடிய பையன் ஊர் திரும்பினான் என்று செய்தி வருவது இதனால்தான். ஒன்பதாவது ஆட்டத்தில் அவன் சொதப்பினான் என்று அர்த்தமில்லை.

கையெழுத்து மூடும் கதவு ஒன்று உண்டு: கல்லூரி ஹாக்கி. முன்பெல்லாம் ஓஎச்எல் போன்ற கனடிய மேஜர் ஜூனியரில் ஆடினாலே அந்தக் கதவு மூடிவிடும். 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அதை மாற்றியது. 2025 ஆகஸ்ட் முதல் ஜூனியரில் ஆடியவர்களும் போகலாம். என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மட்டும் போக முடியாது. அப்புறம், ஜூனியரில் ஆடிய வருடங்களுக்காக லீக் தரும் படிப்புச் செலவு ஒன்று இருக்கிறதே, கையெழுத்துக்குப் பிறகு அது என்னவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி, அதற்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

அணியிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. கனடிய ஜூனியரிலிருந்து எடுத்த பையனை 20 வயதுக்கு முன் ஏஎச்எல்-க்கு அனுப்ப முடியாது என்பது நெடுநாள் விதி. என்எச்எல் அல்லது ஜூனியர், நடுவில் படியே கிடையாது. என்எச்எல்-உம் வீரர் சங்கமும் 2025-இல் ஒப்புக்கொண்ட புதிய உடன்பாட்டில், அணிக்கு ஒரு 19 வயதுக்காரனை மட்டும் ஏஎச்எல்-க்கு அனுப்ப வழிவிடும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆகவே நேராகவே கேளுங்கள்: அந்த ஒற்றை இடத்தில் என் மகனா, உங்கள் முதல் சுற்றுப் பையனா? எந்த ஜோடியில், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம்? இதற்கு வழவழவென்று பதில் வந்தால் அவன் திரும்பவும் ஓஎச்எல்-க்குத்தான் வரப்போகிறான். ஏற்கெனவே வேகத்தால் தப்பிக்கத் தெரிந்த இடத்தில் இன்னொரு வருடம்.

திரும்பி வருவது அவமானம் என்று பையன் சொன்னால் லியோன் டிரைசைட்டில் கதையைச் சொல்லுங்கள். 2014 டிராஃப்டில் மூன்றாவதாக எட்மன்டன் அணி எடுத்த ஆள். உடனே களமிறக்கினார்கள், 37 ஆட்டத்தில் 9 பாயின்ட். பருவத்தின் நடுவில் ஜூனியருக்கு அனுப்பினார்கள். அங்கே கெலோனா அணிக்கு ஆடி, கனடிய ஜூனியரின் உச்சப் போட்டியான 2015 மெமோரியல் கோப்பையில் சிறந்த வீரர் விருது வாங்கினார், அதுவும் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியிலிருந்து. 2020-இல் என்எச்எல்-இன் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை அவருக்கு.

உங்கள் மகனுக்கு இன்னும் பக்கத்துக் கதை கேல் மக்காருடையது, அவரும் டிஃபென்ஸ். 2017-இல் நான்காவதாகக் கொலராடோ அணி எடுத்தது. அவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் ஆடினார். 2019 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரர் விருது, சனிக்கிழமை தேசிய இறுதியில் தோல்வி, திங்கள்கிழமை கொலராடோவுக்காகப் பிளே ஆஃபில் முதல் என்எச்எல் ஆட்டம், அதிலேயே கோல். உங்கள் மகன் மக்கார் இல்லை, அப்படி யாருமே இல்லை. ஆனால் நான்காவதாக எடுக்கப்பட்டவரே இரண்டு வருடம் பொறுத்தார் என்று வீட்டில் சொல்லலாம்.

நானாக இருந்தால் இந்த வருடம் கல்லூரிக்கே அனுப்புவேன். ஆனால் அங்கும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். டிஃபென்ஸ்காரர்களுக்கென்று தனி கோச் இருக்கிறாரா, இடது பக்கமும் வலது பக்கமும் எத்தனை பேர் மூத்தவர்கள் இருக்கிறார்கள், முதல் வருடப் பையன்கள் வெள்ளிக்கிழமை உடை மாற்றாமல் மேலே உட்கார்ந்து பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் கல்லூரியும் வீண்தான். ஒரு நிபந்தனை: போகும் முன், அவனை எடுத்த அணியின் வீரர் வளர்ச்சிப் பொறுப்பாளரிடம் பையனே பேசட்டும். அவர்கள் பெரும்பாலும் கோபப்பட மாட்டார்கள், கோடையில் என்ன எடை, என்ன பயிற்சி என்று பட்டியலே தருவார்கள்.

நோட்டுக் கணக்கை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பத்து ஆட்டத்திலும் மூன்றாம் பீரியடில் 'இரண்டு' கட்டம்தான் நிரம்பியிருக்கிறது என்றால், மேலே சொன்னதில் பாதியை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.