1776 முதல் 1789 வரை அமெரிக்க அதிபர் யார்?

யாரும் இல்லை. 1776-இல் சுதந்திரம், முதல் அதிபர் வாஷிங்டன் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30, நடுவில் ஆண்டது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். காங்கிரஸ்தான், அதாவது மாநிலப் பிரதிநிதிகளின் சபை, அதுவும் பேருக்கு, ஏனென்றால் பெரும்பாலான அதிகாரம் 13 மாநிலங்களின் கையில் இருந்தது.

நீங்கள் குழம்பியது ஜான் ஹான்சன் பெயரால் இருக்கலாம். 1781-இல் காங்கிரஸுக்குத் தலைவரானவர், அதை வைத்து அவரையே முதல் அதிபர் என்று எழுதுகிறார்கள். அவர் கூட்டத்தை நடத்தினார், அவ்வளவுதான்.

சரிபார்க்க, 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளை (Articles of Confederation, அன்றைய அரசியலமைப்பு) எடுத்து, வரி போடும் அதிகாரம் யாருக்கு என்று தேடுங்கள். காங்கிரஸுக்குக் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கத்தான் முடியும், அவை சரியாகக் கொடுக்கவில்லை, சுதந்திரப் போரில் நின்ற வீரர்களுக்கே சம்பளப் பாக்கி. அப்புறம் 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் சிக்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்பவர் தலைமையில் கிளம்பியபோது அடக்குவதற்கு மத்தியில் போதுமான படை இல்லை. அந்தப் பயம், அதிபர் பதவியைக் கொண்ட புது அரசியலமைப்பை எழுதிய 1787 பிலடெல்பியா மாநாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். இதை விட்டுவிட்டுப் படித்தால் அதிபர் பதவி ஏன் வந்தது என்றே புரியாது.

ஒன்று மட்டும்: அந்தக் காங்கிரஸை உதவாக்கரை என்று ஒதுக்கிவிடாதீர்கள், 1787-இல் ஓஹையோ ஆற்றுக்கு வடமேற்கே அடிமைமுறையைத் தடைசெய்தது அதுதான்.