சர்க்கரை நோயுள்ள பூனையின் தளர்ந்த பின்னங்கால்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு 12 வயது. சர்க்கரை நோய்க்காக இரண்டு மாதமாக இன்சுலின் போடுகிறோம். இப்போது பின்னங்கால்களின் குதிகால் பகுதி தரையில் படும்படி தாழ்ந்து நடக்கிறது. இது சரியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரை கால் நரம்புகளைப் பாதித்ததால் வரும் தளர்ச்சியாகவே இது தோன்றுகிறது, வலியும் மூட்டுத் தேய்மானமும் இல்லை என்பதைக் கால்நடை மருத்துவர் உறுதி செய்யட்டும். சர்க்கரை கட்டுப்பட்டால் பல பூனைகள் மீண்டும் நிமிர்ந்து நடக்கின்றன, ஆனால் நரம்பு மெதுவாகவே தேறும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மெத்தில்கோபாலமின் என்னும் வைட்டமின் பி12 வகையைச் சிலர் தருவதுண்டு. அது இன்சுலினுக்கு மாற்றாகாது.

பால்சோறு பழக்கமிருந்தால் படிப்படியாக நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த, இறைச்சி மிகுந்த ஈர உணவுக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது இன்சுலின் தேவை சட்டென்று குறையக்கூடும் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மிக அவசியம். ஊசியை 12 மணி நேர இடைவெளியில் போடுங்கள். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கும் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கும் ஊசிக்குழல் வெவ்வேறு. இதில் நேரும் பிழை உயிருக்கே ஆபத்தாகலாம். பூனை தள்ளாடினாலோ நடுங்கினாலோ அது சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டதன் அறிகுறியாகலாம் என்பதால், ஈறில் சிறிது தேன் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கால்கள் தேறும்வரை தாழ்வான மலத்தட்டும் வழுக்காத விரிப்பும் வையுங்கள்.