வியட்நாம் கடலோரமும் சைகோன் சந்துகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கல்லூரித் தோழிகள் இருவரும் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் வியட்நாமின் கடலோர ஊர்களைப் பார்த்துவிட்டு, ஹோ சி மின் நகரிலும் சில நாள் தங்க விரும்புகிறோம். தீபாவளியை ஒட்டி மூன்று வாரம் கிடைக்கும். அப்போது புறப்படலாமா? எந்த வழியாகச் செல்வது நல்லது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தீபாவளி சமயம் வேண்டாம். வியட்நாம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு என்பதால் அதன் கடலோரம் முழுவதற்கும் ஒரே பருவநிலை கிடையாது. சைகோன் என்ற பழைய பெயராலும் வழங்கும் ஹோ சி மின் நகரில் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்றாலும், அது பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும் மழை, அதைச் சமாளித்துவிடலாம். நடுப்பகுதியிலுள்ள ஹுவே, டா நாங், ஹோய் ஆன் ஆகிய ஊர்களின் நிலை வேறு. அங்கே அக்டோபரும் நவம்பரும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பேர்போன மாதங்கள். ஹோய் ஆனின் பழைய தெருக்களுக்குள் ஆற்று நீர் புகுந்து, மக்கள் படகில் போய்வரும் ஆண்டுகள் உண்டு. பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கோ மார்ச்சுக்கோ தள்ளிவைக்க முடியுமானால் தெற்கும் நடுப்பகுதியும் இரண்டுமே உங்களுக்கு நன்றாக வாய்க்கும். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும் டெட் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும் அந்த நாட்களில் ரயிலில் இடம் கிடைக்காது, பல கடைகளும் மூடியிருக்கும்.

போக்குவரத்துக்கு நான் சொல்வது ரயிலைத்தான். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1936இல் முழுமை பெற்றது. நாடு பிளவுபட்டபோது துண்டிக்கப்பட்டு, 1976இன் இறுதியில் மீண்டும் இணைக்கப்பட்டது. இரவுப் பேருந்துகள் மலிவானவை, படுக்கை வசதியும் உண்டு. ஆனால் கடலோரத்தைப் பார்க்க வந்தவர்கள் அதை இருட்டில் தூங்கிக்கொண்டே கடந்து போவதில் என்ன பயன்? அதேசமயம், பாதை முழுவதும் சன்னலில் கடல் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். சைகோனிலிருந்து நா திராங் வரையிலான 411 கிலோமீட்டரில் பெரும்பகுதி வயல்களும் டிராகன் பழத் தோட்டங்களும்தான். டா நாங்கிலிருந்து ஹுவே செல்லும் மூன்று மணி நேரத்தில்தான் ஹாய் வான் மலையடிவாரத்தை ஒட்டி, அலை மோதும் பாறைகளுக்கு மேலே ரயில் வளைந்து வளைந்து போகும். அந்தப் பகுதியைப் பகலில் கடப்பதுபோலத் திட்டமிட்டு, வலப்பக்க இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

நா திராங்குக்கு முன்னால் தாப் சாம் என்றொரு நிலையம் வரும். பயணிகளில் பலர் இறங்காமல் போய்விடும் அந்த நிலையத்தில் நீங்கள் அவசியம் இறங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சற்றுத் தொலைவில் ஒரு குன்றின்மேல் முன்பு இந்தக் கடலோரத்தை ஆண்ட சாம் இன மன்னர் காலத்துச் செங்கல் கோபுரமான போ க்லோங் கராய் நிற்கிறது. வாசலுக்குள் நந்தி, கருவறையில் முகம் செதுக்கிய லிங்கம். அது வெறும் தொல்பொருள் சின்னம் அன்று. அந்த வட்டாரத்துச் சாம் மக்கள் கதே திருவிழாவின்போது லிங்கத்துக்கு நீராட்டி, ஆடை உடுத்தி இன்றும் வழிபடுகிறார்கள். நா திராங்கின் போ நகர் அம்மன் கோபுரங்களையும், ஹோய் ஆனிலிருந்து காலையில் போய்வரக்கூடிய மீ சோன் சிவாலயத் தொகுதியையும் அதற்குப் பிறகு பார்த்தால், அவை உங்களுக்குத் தனித்தனிச் சுற்றுலா இடங்களாகத் தெரியாது, ஒரே சாம் மரபின் கோயில்களாகத் தெரியும். மூன்று வாரத்தில் இவற்றோடு குயி நோன் என்ற கடலோர ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஊர்களை அடுக்காதீர்கள்.

விசாவை வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே பெறலாம். 90 நாள் வரை தங்க, ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 25 டாலர்.

கேள்வி: சைகோனில் எங்கே தங்குவது? பூய் வியென் தெருவைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தத் தெருவை ஒரு மாலை நடந்து பாருங்கள், தூங்குவதற்கு அங்கே அறை எடுக்காதீர்கள். எதிரெதிரே உள்ள மதுக்கடைகளில் முழங்கும் ஒலிபெருக்கிகள் நள்ளிரவுக்குப் பிறகும் ஓயாது. அதே பகுதியில் தெருவுக்குப் பின்னால் பிரியும் 'ஹெம்' எனப்படும் சந்துகளில் குடும்பங்களே நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. முகவரியில் 40/7 என்றிருந்தால், 40ஆம் எண்ணருகே பிரியும் சந்தில் ஏழாவது வீடு என்று பொருள். இதை அறிந்துகொண்டால் வழி தேடி அலைய வேண்டாம். விடியற்காலையில் அந்தச் சந்துகளில்தான் நகரத்தின் உயிர் தெரியும்: தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள், கொதிக்கும் எலும்புச் சாற்றின் மணம், கண்ணாடிக் குவளைமேல் வைத்த தகர வடிகட்டியிலிருந்து கெட்டிப்பாலின்மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும் காப்பி.

பென் தான் சந்தையிலிருந்து 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ, 14 நிலையங்களுடன் கிழக்கே சுவோய் தியென் வரை செல்கிறது. சந்தைக்கு அருகில் த்ருவோங் தின் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரே. பின்சுவரில் நெற்றியைப் பதித்து வேண்டிக்கொள்ளும் அவர்களுடைய வழக்கத்தை நின்று பாருங்கள். நடைபாதை ஓரத்தில் கைப்பேசியைக் கையில் ஏந்தி வழி பார்க்க வேண்டாம். இருசக்கர வாகனத்தில் வந்து பறித்துச் செல்பவர்கள் இந்நகரில் உண்டு. 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் ஒரே நீலச் சாயலில் இருப்பதால், இரவில் பணம் கொடுக்கும்போது சுழியங்களை எண்ணிக் கொடுங்கள்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவள் நான். பட்டினி கிடக்க நேருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நேராது. 'சாய்' என்று பலகை வைத்த கடைகள் பௌத்தர்களின் மரக்கறி உணவகங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கூட்டம் அலைமோதும். மற்றக் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கும் என்பதால் கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: என் மகன் அங்கே மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக் கடலோரம் முழுவதும் ஓட்டப்போவதாகச் சொல்கிறான். இங்கே எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதுமா?
– தந்தை ஒருவர், தூத்துக்குடி

பதில்: போதாது, ஐயா. இந்தியா வழங்கும் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியானதை. வாடகைக்கு விடுபவர்கள் இதைப் பற்றிக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து. உரிமம் செல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவை மறுக்க இடமுண்டு. ஹாய் வான் கணவாய்ச் சாலையை மோட்டார் சைக்கிளில் கடக்கும் ஆசையில் தவறில்லை. டா நாங்கிலும் ஹுவேயிலும் பயணியைப் பின்னால் அமர்த்தி ஓட்டிச் செல்லும் உள்ளூர் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டு, பையைச் சரக்கு வண்டியில் முன்னதாக அனுப்பிவிடச் சொல்லுங்கள். மீதித் தூரத்துக்கு ரயில் இருக்கிறது.