மேலே ஐஸ், கீழே மீன்: டீ-ஐசர் பற்றிக் கேள்வி பதில்

டொரண்டோ பக்கம் வீட்டுக் கொல்லையில் குளம் வைத்து மீன் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேறு ஊர்க்காரர்களும் சிலர் எழுதியிருக்கிறார்கள். மீனின் உயிர் சம்பந்தப்பட்டதை விரிவாகச் சொல்கிறேன், மற்றதைச் சுருக்கமாக.

மார்க்கம் ஊரிலிருந்து: அக்கா, இந்த வருஷம்தான் குளம் கட்டினோம். 4 அடி ஆழம், 8 கோய் மீன் (வண்ணக் கெண்டை). குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் சூடாக இருக்க எத்தனை வாட் ஹீட்டர் வாங்கணும்?

தண்ணீரைச் சூடாக்கவே வேண்டாம். டீ-ஐசர் என்கிற குளத்து ஹீட்டருக்கு ஒரே ஒரு வேலைதான்: ஐஸ் மூடாமல் ஒரு ஓட்டையைத் திறந்து வைப்பது. அது புரிந்துவிட்டால் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்தது லேசாகி மேலே வந்து உறையும். உறைந்த ஐஸ் கீழே இருக்கும் தண்ணீருக்குப் போர்வை. மீன்கள் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, செவுள் மூடி மெதுவாக அசைய, கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டே குளிரைக் கடத்திவிடும். குளிரால் சாகிற கோய் குறைவு. மூச்சு முட்டிச் சாவதுதான் அதிகம்.

எப்படி என்றால், இலையுதிர் காலத்தில் விழுந்த மேப்பிள் இலை, மிச்சத் தீனி, மீன் கழிவு எல்லாம் அடியில் மட்கிக்கொண்டே இருக்கும். மட்கும்போது ஆக்சிஜனைத் தின்று, கரியமில வாயுவையும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடையும் விடும். 0 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 20 டிகிரித் தண்ணீரோ 9 மில்லிகிராம்தான். அதனால் குளிர்காலத்தில் கையிருப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐஸ் முழுசாக மூடிவிட்டால் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. அந்த ஓட்டை எதற்கு என்றால் இதற்குத்தான்.

உங்கள் குளத்துக்கு 100 முதல் 300 வாட் வரையில் மிதக்கும் டீ-ஐசர் ஒன்று போதும். ஐஸ் பிடிப்பதற்கு முன்பே, நவம்பர் கடைசிக்குள் போட்டுவிடுங்கள். காற்று அடிக்காத ஓரமாகக் கயிற்றில் கட்டி நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அக்டோபரிலேயே குளத்தின் மேல் வலை கட்டுங்கள். இலை விழுந்த பிறகு 1500 வாட் போட்டாலும் அந்த அழுகல் நிற்காது.

பிராம்ப்டனிலிருந்து: கடைக்காரர் 1500 வாட்தான் பாதுகாப்பு என்கிறார். பில் எவ்வளவு வரும்?

பெருக்கிப் பாருங்கள். 1500 வாட் நாள் முழுக்க ஓடினால் 36 யூனிட், மாதத்துக்கு 1080 யூனிட். யூனிட் 12 சென்ட் என்று வைத்தால் ஏறக்குறைய 130 டாலர். அதே கணக்கில் 100 வாட் ஹீட்டருக்கு மாதம் 72 யூனிட், 9 டாலருக்கும் கீழே. பெரிய ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருந்தால் இவ்வளவு ஓடாது என்பது உண்மை. ஆனாலும் தேவை இல்லாத சூட்டுக்கு எதற்குக் காசு? வேண்டுமானால், 2 டிகிரி வாக்கில் தானாக ஆன் ஆகி 7 டிகிரியில் ஆஃப் ஆகிற பிளக் ஒன்று விற்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத சின்ன ஹீட்டரோடு அதைச் சேர்த்தால் செலவு இன்னும் குறையும்.

ஸ்கார்பரோவிலிருந்து: பக்கத்து வீட்டில் ஒன்றுமே போடுவதில்லை. அவர்கள் தங்கமீன் வருஷா வருஷம் பிழைத்துக்கொள்கிறது. நாம் ஏன் செலவு செய்யணும்?

பார்க்கக் கோயும் தங்கமீனும் உறவுதான், ஆனால் குளிர்காலத்தில் இரண்டும் வேறு வேறு பிராணிகள். ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மற்ற மீன்களின் உடம்பில் லாக்டிக் அமிலம் சேர்ந்து கொன்றுவிடும். தங்கமீன் அந்த லாக்டேட்டை எத்தனால், அதாவது சாராயமாக மாற்றி, செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாமலும் நீண்ட நாள் தாங்கும். கோய்க்கு அந்த வித்தை கிடையாது. பக்கத்து வீட்டுத் தங்கமீனைப் பார்த்து உங்கள் கோயைப் பணயம் வைக்காதீர்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். வேண்டாத தங்கமீனை மழைநீர்க் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஹாமில்டன் துறைமுகத்தில் அவை பெருகி ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குளிர் அவற்றைக் கொல்லாது.

ஏஜாக்ஸிலிருந்து, அவசரம்: காலையில் பார்த்தால் குளம் முழுக்க மூடிவிட்டது. கடப்பாரையால் உடைக்கலாமா?

வேண்டாம்! அடிக்கிற அதிர்ச்சி தண்ணீர் வழியாக நேரே மீனுக்குப் போகும். பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பாத்திரத்தை ஐஸ் மேல் வையுங்கள். வளையமாக உருகிக்கொண்டே இறங்கும். ஆறியதும் தண்ணீரை மாற்றி மறுபடி வையுங்கள். பாத்திரத்தின் கைப்பிடியில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே விழுந்துவிடும். வெந்நீரை நேராகக் குளத்தில் ஊற்றக் கூடாது. உப்பும், படிக்கட்டில் போடுகிற ஐஸ் உருக்கியும் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஓஷாவாவிலிருந்து: 3 அடிக் குளம், 5 கோய். எத்தனை வாட்?

முதல் பதில்.

மிசிசாகாவிலிருந்து: மன்னிக்கணும், டீ-ஐசரே தேவையில்லை. ஏர் பம்ப் போதும். என் குளம் 5 அடி, பம்பின் குழாய் முனையில் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் அடியிலேயே கிடக்கிறது. ஓட்டையும் கிடைக்கிறது, ஆக்சிஜனும் கிடைக்கிறது.

கால்கரியிலிருந்து: அண்ணே, எங்கள் ஊருக்கு வந்து சொல்லுங்கள். மைனஸ் 30 வந்தால் குமிழி தெறித்துத் தெறித்து ஓட்டையைச் சுற்றி ஐஸ் கூண்டு எழும்பி, ஒரே ராத்திரியில் மூடிக்கொள்ளும். குழாய்க்குள் ஈரம் உறைந்து காற்றும் நின்றுவிடும்.

மிசிசாகா மறுபடி: நான் பேசுவது ஒன்டாரியோவைப் பற்றி. ஹீட்டர் ஆக்சிஜனைக் கொடுக்குமா? அதைச் சொல்லுங்கள்.

இருவருமே பாதி சரி. மிசிசாகா நண்பர் ஆக்சிஜனைப் பற்றிச் சொல்வதை மறுக்க முடியாது. டீ-ஐசர் வாசலைத் திறந்து வைக்குமே தவிர, காற்றை உள்ளே தள்ளாது. மீன் அதிகமாக இருக்கிற குளத்தில் ஏர் பம்ப் அவசியம். மின்சாரமும் குறைச்சல்.

ஆனால் ஸ்டோனை அடியில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குமிழி மேலே ஏறும்போது அடியில் இருக்கிற 4 டிகிரித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். குளம் முழுக்க ஒரே குளிராகி 1 டிகிரி, 2 டிகிரிக்கு இறங்கிவிடும். 5 அடிக் குளத்தில் தண்ணீர் நிறைய, அதனால் உங்களுக்கு இதுவரை தப்பித்தது. உங்கள் பேச்சைக் கேட்டு இரண்டரை அடிக் குளத்துக்காரர் ஒருவர் அடியில் போட்டால் அவர் மீன் ஒதுங்க இடமே இருக்காது. ஸ்டோனை மேலிருந்து ஒன்று, ஒன்றரை அடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் திரும்பி வரும்.

நான் செய்வது: ஒரு ஓரத்தில் டீ-ஐசர், எதிர் ஓரத்தில் ஏர் ஸ்டோன். ஒன்று மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும். கால்கரி, வின்னிபெக் மாதிரி ஊர்களுக்கு 100 வாட் பற்றாது. தெர்மோஸ்டாட் உள்ள 1000 வாட்டுக்கு மேல் போகணும், அல்லது பேஸ்மென்டில் பெரிய தொட்டி வைத்து மீனை உள்ளே கொண்டுவரணும். ஆழம் குறைந்த குளம் என்றால் எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

மிசிசாகா மறுபடி: சரி, ஸ்டோனை மேலே தூக்கிப் பார்க்கிறேன். ஹீட்டர் மட்டும் வாங்க மாட்டேன்.

5 அடிக்கு அது பரவாயில்லை. கடுங்குளிர் வாரத்தில் மட்டும் தினமும் காலையில் போய்ப் பாருங்கள்.

விட்பியிலிருந்து: மாட்டுத் தொட்டிக்கு விற்கிற ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

உலோகத் தொட்டிக்குச் செய்தது அது. குளத்துக்குள் விரித்திருக்கிற ரப்பர் லைனரில் பட்டால் ஓட்டை போட்டுவிடும். சுற்றிலும் பாதுகாப்புக் கூண்டு இருந்து, லைனருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். கண்ணாடி மீன்தொட்டி ஹீட்டரும் வேண்டாம், உடைந்தால் தண்ணீரில் மின்சாரம்.

பிக்கரிங்கிலிருந்து: வயர் எட்டவில்லை. வீட்டுக்குள் இருக்கிற எக்ஸ்டென்ஷனை இழுத்துக்கலாமா?

கூடாது. வெளியில் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற பாதுகாப்பு) உள்ள பிளக் பாயிண்ட், அதில் நேரடியாக. எட்டவில்லை என்றால் உரிமம் உள்ள எலெக்ட்ரிஷியனை வைத்துக் குளத்துக்குப் பக்கத்தில் பாயிண்ட் போடுங்கள். ஹீட்டரிலும் சி.எஸ்.ஏ. மாதிரி கனடாவில் செல்லுபடியாகும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் கை விடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும்.

ஊட்டியிலிருந்து: எங்களுக்கும் உறைபனி விழுகிறது. டீ-ஐசர் தேவையா?

தேவையில்லை. புல்லில் விழுகிற பனி குளத்தை மூடாது.

நியூமார்க்கெட்டிலிருந்து: அல்லிச் செடியை என்ன செய்வது? அப்புறம், என் குளத்துக்கு எத்தனை வாட்?

குளிர் தாங்கும் அல்லி என்றால் இலையை வெட்டிவிட்டுச் சட்டியை ஆழத்தில் இறக்குங்கள். வெப்பநாட்டு அல்லியைப் பற்றிச் செடி வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். வாட் கேள்விக்கு இனிமேல் பதில் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள், ஆழத்தை அளந்து பாருங்கள்.

நார்த் யார்க்கிலிருந்து: நாங்கள் அருவியை ஓடவே விடுகிறோம். உறையாமல் அழகாக இருக்கிறது.

இன்றைக்கே நிறுத்துங்கள். அருவியில் ஐஸ் கட்டி அணை மாதிரி எழும்பினால் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி லைனருக்கு வெளியே வழியும். யாருக்கும் தெரியாமல் குளம் பாதி காலியாகிவிடும்.

ஸ்கார்பரோவிலிருந்து: 2013 டிசம்பர் ஐஸ் புயல் மாதிரி கரண்ட் போய்விட்டால்?

அப்போது டொரண்டோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை, சிலருக்கு நாள்கணக்கில். அடி சுத்தமாக இருக்கிற குளம் சில நாள் முழுசாக மூடியிருந்தாலும் தாங்கும். இலை நிறைந்த குளம்தான் தாங்காது, அதனால்தான் வலை, வலை என்கிறேன். கரண்ட் இல்லாதபோது ஐஸ் மேல் கிடக்கிற பனியை ஓரத்தில் நின்றே நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். வெளிச்சம் உள்ளே போனால் பாசி கொஞ்சம் ஆக்சிஜன் தரும். கேஸ் அடுப்பு இருந்தால் பாத்திர வைத்தியம், நாளுக்கு ஒரு தடவை. ஐஸ் மேல் ஏறி நிற்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். கரண்ட் வந்ததும், டீ-ஐசர் ஐஸுக்குள் சிக்கியிருந்தால் இழுக்காமல் அப்படியே பிளக்கைச் சொருகுங்கள். தானாக உருக்கிக்கொண்டு விடுபட்டுவிடும்.