லேபிள் வேண்டுமா என்றால் யார் வேண்டாம் என்பார்?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆய்வேடு எழுதும் மாணவர்களுடையவை. ஒப்படைக்கும் தேதி நெருங்குகிறது போலும். எல்லாமே மரபணு மாற்ற (ஜி.எம்.) உணவின் லேபிளைச் சுற்றியே இருப்பதால் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்.

கே: ஜி.எம். என்று லேபிள் ஒட்டினாலே ஆபத்து என்றுதானே பொருள்? விடுதியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இல்லை. பயிர் எப்படி உருவானது என்பதை மட்டும்தான் அந்த லேபிள் சொல்கிறது. பாதுகாப்புச் சோதனை என்பது லேபிளுக்கு முன்பே, அனுமதி கொடுக்கும் கட்டத்திலேயே முடிய வேண்டிய காரியம். விடுதிக்காரர்கள் சொல்வது தப்புதான், ஆனால் அதுவே உங்களுக்கு நல்ல ஆய்வுப்பொருள்.

கே: எத்தனை சதவீதம் கலந்திருந்தால் லேபிள் கட்டாயம்?

எந்த நாட்டில் என்று எழுதியிருக்கலாம். தற்செயலாகக் கலந்ததற்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் 0.9 சதவீதம் வரை லேபிள் இல்லாமல் விடுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1. ஜப்பான், அமெரிக்கா 5.

கே: எங்கள் பல்கலைக்கழகத்தில் 200 மாணவர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். "ஜி.எம். உணவுக்கு லேபிளைக் கட்டாயமாக்க வேண்டுமா?" என்றதற்கு ஏறத்தாழ எல்லோரும் "ஆம்". மாணவர்கள் ஜி.எம். உணவை எதிர்க்கிறார்கள் என்று முடிவுரை எழுதிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. பெயரும் ஊரும்தான் மாறுகின்றன, இதே கடிதம் வருஷா வருஷம் வருகிறது.

கூடுதலாக ஒரு விவரம் தரட்டுமா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்? "ஆம்" என்று தட்டுவதால் அந்த மாணவருக்குக் காலணா நஷ்டமில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் மாதாமாதம் நடத்திவந்த நுகர்வோர் சர்வேயில், 2015 ஜனவரியில், "டி.என்.ஏ. உள்ள உணவுகளுக்குக் கட்டாய லேபிள்" என்பதையும் ஆதரிப்பீர்களா என்று கேட்கும் பட்டியலில் சேர்த்தார்கள். சுமார் 80 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதே சர்வேயில் ஜி.எம். லேபிளுக்குக் கிடைத்த ஆதரவும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். டி.என்.ஏ. இல்லாத காய்கறி எங்கே விளைகிறது? இதைச் சொல்லி அந்த 80 பேரை முட்டாள்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்ட விதம் அப்படி, வந்த பதிலும் அப்படி.

மாற்றிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜி.எம். என்ற பேச்சையே எடுக்காமல், "லேபிளில் இப்போது இல்லாத எந்தத் தகவல் வேண்டும்?" என்று முதலில் கேட்டார்கள். தாமாக ஜி.எம். என்று சொன்னவர்கள் 7 சதவீதம். பிறகு நேரடியாகக் கேட்டபோது லேபிள் கட்டாயம் வேண்டும் என்றவர்கள் 73 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள்தான். இதில் எந்த எண்ணை உங்கள் ஆய்வேட்டின் தலைப்பில் போடுவீர்கள்?

லேபிளை ஆதரிப்பது வேறு, உணவுக்கு அஞ்சுவது வேறு, கடையில் எடுக்காமல் நகர்வது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஜி.எம். பயிரை முழுமனதாக வரவேற்றுக்கொண்டே, தெரிந்து வாங்கும் உரிமை வேண்டும் என்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நானே அந்தக் கட்சி. உங்கள் முடிவுரைப்படி நானும் எதிர்ப்பாளன்!

இனி செய்ய வேண்டியது: விடைகளை நீங்கள் தராமல் அவர்களே சொல்லும்படி கேட்கும் திறந்த கேள்வியை முதலில் வையுங்கள். "லேபிளால் விலை ஏறினாலும் வேண்டுமா?" என்று ஒன்று சேருங்கள், அங்கேதான் தலைகள் ஆடுவது குறையும். எல்லாக் கூற்றுகளையும் ஒரே பக்கம் சாய்த்து எழுதாதீர்கள். கேள்வித்தாளை அனுப்புவதற்கு முன் பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அப்புறம், அந்த 200 பேர் உங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கே: உயிரியல் மாணவர்களுக்கும் கலைத்துறை மாணவர்களுக்கும் மனப்பான்மை வேறுபடுமா?

துறையின் பெயரை வைத்து அறிவை அளக்காதீர்கள். "சாதாரணத் தக்காளியில் மரபணு கிடையாது, ஜி.எம். தக்காளியில்தான் உண்டு", சரியா தவறா? ஐரோப்பாவில் யூரோபாரோமீட்டர் என்ற கருத்துக்கணிப்பு 1996-ல் இதைக் கேட்டபோது தவறு என்று சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். இதுபோல் ஐந்தாறு கேள்வி வையுங்கள். கூடவே "இதைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்றும் கேளுங்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனியில் மக்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், எதிர்ப்பு கடுமையாகக் கடுமையாக, தமக்கு நிறையத் தெரியும் என்ற நம்பிக்கை ஏறியது, அறிவைச் சோதித்த கேள்விகளில் எடுத்த மதிப்பெண் இறங்கியது. பத்துப் பேரிடம் படித்துக் காட்டுங்கள் என்பது இதற்கும் பொருந்தும்.

கே: ஜி.எம். சோயாவில் பிழிந்த எண்ணெய்க்கு லேபிள் உண்டா?

சுத்திகரித்த எண்ணெயில் மாற்றிய மரபணுவின் சுவடே பெரும்பாலும் கிடைக்காது. விளைந்த விதத்தைப் பார்க்கும் ஐரோப்பிய ஒன்றியம் லேபிள் கேட்கிறது. அமெரிக்க விதி 2022-ல் கட்டாயமானபோது, சோதனையில் தென்படாவிட்டால் வேண்டாம் என்று விட்டது. மாணவர்களிடம் கேட்க அருமையான கேள்வி இது. யாரும் கேட்பதில்லை.

கே: லேபிள் வந்தால் பயம் கூடும் என்கிறார் என் வழிகாட்டி.

கூடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 2016 ஜூலையில் கட்டாய லேபிள் வந்தது. 2018-ல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஜி.எம். எதிர்ப்பு மற்ற மாநிலங்களோடு ஒப்பிடுகையில் 19 சதவீதம் குறைந்தது. வழிகாட்டியிடம் பணிவாகக் காட்டுங்கள். ஒரே ஒரு மாநிலத்தின் கதை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: உப்புப் பாக்கெட்டில் "ஜி.எம். அற்றது" என்று பார்த்தேன். நம்பலாமா?

தாராளமாக. உப்பில் மரபணுவே கிடையாது.

கே: ரெடிமேட் கேள்வித்தாள் இருந்தால் உடனே அனுப்பவும். அவசரம்.

இல்லை.